டிராக்டரை நிறுத்துவது, நிறுத்தி வைப்பது: பகாவ் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்தில், பகாவ் பட்டணத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டம்தான். மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். மழை பெய்தால் தோட்டச் சாலை வழுக்கும், வெயில் அடித்தால் பொடி மண்ணாக நழுவும். குலை ஏற்றிய டிரெய்லரோடு இந்தச் சாலைகளில் தினமும் இறங்கி ஏறும் ஓட்டுநர்களும், கூடப் போகும் ஆட்களும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர்களும், தோட்ட வீடுகளில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர்களும் கேட்ட கேள்விகள் இங்கே இருக்கின்றன. டிராக்டருக்கு டிராக்டர் அமைப்பு மாறும். உங்கள் வண்டியின் கையேடு வேறு முறை சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

இறங்கி ஒரு நிமிஷ வேலைதானே, அதற்கு எதற்கு இன்ஜினை அணைக்கணும்?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இது முக்கியமானது என்பதால் முதலில் வைத்திருக்கிறேன்.

விழுந்த குலையை எடுத்துப் போடுவது, டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் இரும்புப் பின்னைத் தட்டி இறக்குவது, சாலையில் கிடக்கும் மட்டையை இழுத்துப் போடுவது, தடுப்புக் கதவைத் திறப்பது. எல்லாம் சின்ன வேலைகள். ஓட்டுநர் டிராக்டருக்கு முன்னாலோ, பின்சக்கரத்துக்குப் பக்கத்திலோ, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவிலோ நிற்க வேண்டியது இந்த வேலைகளில்தான். இன்ஜின் அதிர்வில் கியர் தண்டு நழுவலாம். சரியாகப் பிடிக்காத ஹேண்ட்பிரேக் மெல்ல விடலாம். இறங்கும்போது சட்டையோ பாரங் கத்தி உறையோ ஏதாவது ஒரு தண்டில் மாட்டி இழுக்கலாம். டிராக்டர் மட்டுமே இரண்டு மூன்று டன் எடை, பின்னால் குலையும் இருக்கிறது. நகர ஆரம்பித்த பிறகு ஆள் பலத்தால் அதைத் தடுக்கவே முடியாது.

இது ஓட்டுநர்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அணைக்காததற்கு வேறு காரணம் இருக்கிறது. பேட்டரி பலவீனமாக இருக்கும், அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா என்ற பயம். மர நிரையின் நடுவில் வண்டி நின்றுவிட்டால் பட்டறைக்கு ஆள் அனுப்பணும், அன்றைய குலை தேங்கும், மண்டோர் சத்தம் போடுவார். அதனால் காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஏறியதிலிருந்து மதியம் வரை இன்ஜின் அணைவதே இல்லை. இதில் ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. அணைத்துவிட்டு நம்பி மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியாத டிராக்டர் அன்றைக்கு வேலைக்குத் தகுதியானது இல்லை. அதைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பேட்டரியை மாற்றுவதோ, முனைகளில் படிந்த உப்பைச் சுரண்டி இறுக்குவதோ, ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பார்ப்பதோ பட்டறைக்கு அரை நாள் வேலைகூட இல்லை. பேட்டரி நன்றாக இருக்கும் தோட்டத்தில், அணைத்துவிட்டு இறங்கச் சொன்னால் ஆட்கள் கேட்கிறார்கள்.

நிறுத்தி இறங்கும் வரை எதை முதலில், எதை அடுத்துச் செய்யணும்?

வண்டியை மெதுவாக்கி, சமதளமான, கெட்டியான இடத்தில் முழுசாக நிறுத்துங்கள். கை ஆக்சிலேட்டர் வைத்து ஓட்டியிருந்தால் அதைக் கீழே இறக்க மறக்கக்கூடாது. காலை எடுத்தாலும் அது மேலேயே இருந்தால் இன்ஜின் வேகம் குறையாது. அடுத்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்துப் பூட்டுங்கள். பிரேக் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

பிடிஓ (இன்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) ஓடினால் அதை விலக்குங்கள். பின்னால் புல்வெட்டியோ பிளேடோ மாட்டியிருந்தால் தரையில் இறக்குங்கள். டர்போ உள்ள இன்ஜின் பாரம் இழுத்து வந்திருந்தால் மூன்று நான்கு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நல்லது, அதுவரை இருக்கையிலேயே இருங்கள். அணைத்த பிறகு ஹைட்ராலிக் தண்டை முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்து, உள்ளே நிற்கும் அழுத்தத்தை விடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள்.

இறங்கும்போது முகம் டிராக்டரைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும், எப்போதும் வண்டியில் பிடித்திருக்க வேண்டும். குதிக்கக்கூடாது. மழைநாளில் படியில் ஒட்டிய செம்மண்ணில் வழுக்கிக் கணுக்கால் பிசகியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார்கள்.

ஏற்றத்திலிருந்து இறங்கும்போது, பாரத்தோடு எப்படி நிறுத்துவது?

மேட்டின் உச்சியிலேயே குறைந்த கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள். நடுச்சரிவில் கியர் மாற்றப் பார்த்தால், பழைய கியர் விலகி அடுத்தது விழாமல் வண்டி நியூட்ரலில் ஓடும். கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்கினாலும் அதே கதிதான். இன்ஜின் பிடித்து வைத்திருந்த வேகம் விடுபட்டு, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பிக்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அந்தப் பாரம் முழுவதையும் டிராக்டரின் பின்சக்கரம் இரண்டும்தான் தாங்கணும்.

எந்த கியரில் மேடு ஏறுவீர்களோ, அதே கியரில் அல்லது அதற்கும் குறைந்ததில் இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். நல்ல அளவுகோல் அது. நிறுத்தும் நேரத்தில் பிரேக்கை முதலில் மெதுவாக அழுத்துங்கள். வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில்தான் கிளட்ச். திடீரென்று அழுத்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், டிரெய்லர் பக்கவாட்டில் வந்து டிராக்டரை மடக்கிவிடும்.

வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். ஈர மண்ணில் அது இன்னும் கூடும். காலியான டிரெய்லரோடு காலையில் நின்ற இடத்திலேயே பாரத்தோடு மதியமும் நின்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

பிரேக் மிதி இரண்டு இருக்கிறதே, எப்போது சேர்த்துப் பூட்டணும்?

சாலையில் ஓடும்போதும், டிரெய்லர் இழுக்கும்போதும், சரிவில் இருக்கும்போதும் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட்டே இருக்கணும். தனித்தனி மிதி, வயலில் மெதுவாகப் போகும்போது குறுகிய இடத்தில் திரும்புவதற்கு மட்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் அந்தப் பக்கம் சுண்டித் திரும்பிக் கவிழும். நிரையை விட்டுத் தோட்டச் சாலையில் ஏறும் இடத்தில் ஒருமுறை குனிந்து பூட்டைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கிறதா என்பதைச் சமதளத்தில், காலி வண்டியில், குறைந்த வேகத்தில் சோதிக்கலாம். ஒரு பக்கம் இழுத்தால் அன்றைக்கே பட்டறை.

நிறுத்தி வைக்கும்போது கியரில் விடுவதா, நியூட்ரலா?

இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது, வண்டியைப் பொறுத்தது. சாதாரண கிளட்ச், கை கியர் உள்ள பழைய டிராக்டரை அணைத்த பிறகு குறைந்த கியரில் விட்டால், இன்ஜினின் அழுத்தம் சக்கரத்தை ஓரளவு பிடிக்கும். இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு ரிவர்ஸ் கியர், ஏற்றத்தைப் பார்த்து நிற்பதற்கு முதல் கியர். இது ஹேண்ட்பிரேக்கோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக இல்லை. அடுத்த நாள் ஸ்டார்ட் செய்பவர் கியரில் இருப்பதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளட்சை மிதிக்காமலே முன்னும் பின்னும் மாற்றும் தண்டு உள்ள புதிய வண்டிகளிலும், ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளிலும் இந்த முறையை நம்பாதீர்கள். அவற்றில் கியரைப் பிடித்திருப்பது எண்ணெய் அழுத்தம். இன்ஜின் நின்றதும் அந்த அழுத்தம் போய்விடும், தண்டு எந்த நிலையில் இருந்தாலும் சக்கரம் உருளலாம். பார்க்கிங் பூட்டு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் ஹேண்ட்பிரேக்கும் சக்கரக் கட்டையும். இரண்டு வகை வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சரிவில் நிறுத்தியே ஆகணும் என்றால்?

முதலில், நிறுத்தாமல் இருக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது மீட்டர் தள்ளிச் சமதளம் இருந்தால் அங்கே போய் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். மேட்டுத் தோட்டங்களில் படிவரிசைச் சாலைகள் திரும்பும் இடத்தில் பெரும்பாலும் கொஞ்சம் சமதளம் வெட்டியிருப்பார்கள்.

வேறு வழியே இல்லையென்றால், முன்சக்கரத்தை மேட்டுக் கரைப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். வண்டி உருண்டாலும் கரையில் முட்டி நிற்கும், பள்ளத்துக்குப் போகாது. ஹேண்ட்பிரேக் போட்ட பிறகு சக்கரத்தின் பள்ளப் பக்கம் கட்டை வையுங்கள், பின்சக்கரம் இரண்டுக்கும், டிரெய்லர் சக்கரத்துக்கும் தனியாக. கட்டை டயரோடு ஒட்டியிருக்கணும். கைக்குக் கிடைத்த கல்லும் செம்பனை மட்டையும் கட்டை ஆகாது. மட்டை நசுங்கும், கல் செம்மண்ணில் சறுக்கும். ஒரு பக்கம் சரிவாக அறுத்த கனமான மரக்கட்டைகளை, கயிறு கட்டி டிரெய்லர் சட்டத்தில் மாட்டி வைத்தால் தேட வேண்டியதில்லை. தோட்டத்துத் தச்சரிடம் சொன்னால் ஒரு மதியத்தில் எல்லா வண்டிக்கும் அறுத்துக் கொடுப்பார்.

கட்டை வைக்கும் ஆள் ஓரமாக நின்று கையை நீட்டி வைக்கணும். சக்கரம் உருளும் பாதையில் உட்கார்ந்து வைக்கக்கூடாது. எடுக்கும்போது ஓட்டுநர் முதலில் ஏறி, பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் செய்த பிறகுதான் எடுக்கணும்.

டிரெய்லரைக் கழற்றி வைக்கும்போது எதைக் கவனிக்கணும்?

சமதளம், கெட்டித் தரை, சக்கரத்துக்குக் கட்டை. இந்த மூன்றும் இல்லாமல் பின்னைத் தொடாதீர்கள். டிரெய்லரின் முன்பக்கத் தாங்குகாலை இறக்கி, இழுவைத் தண்டின் எடை அதில் இறங்கிய பிறகு பின் தானாகவே எளிதாக வரும். பின் இறுகிக்கொண்டு சுத்தியல் கேட்டால் எடை இன்னும் டிராக்டர் மேல் இருக்கிறது என்று அர்த்தம். குலை பின்பக்கம் அதிகம் ஏற்றியிருந்தால் பின்னை எடுத்த கணம் தண்டு மேலே துள்ளி முகத்தில் அடிக்கும். கூடுமானவரை பாரத்தை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

டிப்பர் தொட்டியைத் தூக்கியபடி நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. ஹைட்ராலிக் குழாய் வெடித்தாலோ, யாராவது தண்டைத் தட்டிவிட்டாலோ தொட்டி ஒரே அடியாக இறங்கும். அடியில் ஒட்டிய குலையைத் தள்ளவோ, கிரீஸ் போடவோ வேண்டுமானால், தயாரிப்பாளர் கொடுத்த தாங்கு கம்பியைப் போட்டுப் பூட்டிய பிறகு மட்டும்.

தூக்கும் முன் தலைக்கு மேலே பாருங்கள். தோட்டங்களின் ஊடே மின்கம்பிகள் போகின்றன. தொட்டி கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து, முடிந்தால் தொட்டியை இறக்கியோ வண்டியை நகர்த்தியோ விலகணும். மற்றவர்கள் அருகே வரக்கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆகணும் என்றால், டிராக்டரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்ந்து தரையில் விழும்படி குதித்து, காலைப் பிரிக்காமல் சிறு சிறு தாவலாக விலகுங்கள்.

பிடிஓவை விலக்கியாச்சே, உடனே கிட்டே போகலாமா?

நின்ற பிறகுதான். வழக்கமான பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. சுழல் புல்வெட்டியின் கனமான கத்தி, விலக்கிய பிறகும் சிறிது நேரம் தானாகவே சுற்றும். இறங்கி வரும்போது தண்டு நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சுற்றும் தண்டு மேல் கால் தூக்கித் தாண்டுவது, தொளதொளத்த சட்டை, கழுத்துத் துண்டு, அவிழ்ந்த காலணிக் கயிறு எல்லாம் உயிருக்கு ஆபத்து. நொடிக்கு ஒன்பது சுற்றில் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் வேலையை நிறுத்தி மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கீழே நின்றபடியே ஸ்டார்ட் செய்கிறார்களே?

இதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள், அடுத்தவர் செய்வதையும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்ச் சாவி வழியில்தான் வேலை செய்யும். ஸ்டார்ட்டர் முனைகளை நேரடியாகத் தொட்டு இணைத்தால் அந்தப் பாதுகாப்பைத் தாண்டிவிடுகிறீர்கள். நீங்கள் நிற்பது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். வண்டி கியரில் இருந்தால் இன்ஜின் பிடித்ததும் உங்கள் மேலேயே ஏறும். இப்படித்தான் உலகமெங்கும் பல ஓட்டுநர்கள் சொந்த டிராக்டர் அடியில் இறந்திருக்கிறார்கள்.

வெட்டுக்காரர்கள் வேலை செய்யும் இடத்தில் எங்கே நிறுத்துவது?

மரத்தடி நிழல் என்று போகாதீர்கள். முதிர்ந்த மரத்தின் குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், மட்டையின் முள் வேறு. வெட்டுக்காரர் நிற்கும் நிரையிலிருந்து விலகி, அவர் உங்களைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். காய்ந்த மட்டைக் குவியல் மேலோ காய்ந்த லாலாங் புல் மேலோ நிறுத்தினால் சூடான புகைக்குழாயில் தீப்பற்றலாம். கால்வாய் ஓரம் என்றால் கரையின் உயரத்துக்காவது தள்ளி நில்லுங்கள். மழைக்குப் பிறகு கரை உள்ளே கரைந்திருப்பது மேலிருந்து தெரியாது.

பட்டணச் சாலையில் பழுதாகி நின்றுவிட்டால்?

முடிந்தவரை சாலையை விட்டு இறக்குங்கள். எச்சரிக்கை விளக்கு, பின்னால் தள்ளி முக்கோணம். இருட்டும் நேரத்தில் விளக்கில்லாத டிரெய்லரின் பின்பக்கம் மோட்டார் சைக்கிளில் வருபவருக்குக் கிட்டே வரும் வரை தெரியாது. வேலை முடிந்து வரும் நம் ஆட்களே பாதிப்பேர் மோட்டாரில்தான் வருகிறார்கள். டிரெய்லரின் பின்பலகையில் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டுவது சில ரிங்கிட் செலவு, அதை ஒட்டாமல் சாலைக்கே விடக்கூடாது. மோதிவிட்டால் 999.

லயத்து வீட்டு வாசலில் மதியம் சாப்பிட நிறுத்துகிறேன். பிள்ளைகள் ஏறுகிறார்கள், என்ன செய்ய?

வாசலில் நிறுத்தாமல் இருப்பதே நல்லது. டிராக்டர் என்றால் பிள்ளைகளுக்கு ஆசை, அதைத் திட்டி அடக்க முடியாது. சாவியை எடுத்துப் பையில் போடுவது பாதி வேலை. ஹேண்ட்பிரேக் தண்டைச் சாவி இல்லாமலும் விடுவிக்கலாம் என்பதால் கட்டையும் வேண்டும். தூக்கிய பிளேடும், குலையைப் பிடித்துத் தூக்கும் கிராப்பர் கையும் தரையில் இறங்கியிருக்கணும். திரும்ப ஏறும் முன் வண்டியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, டிரெய்லர் அடியிலும் பின்சக்கரத்துக்குப் பின்னாலும் குனிந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தால் இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது. அப்பாவோ மாமாவோ ஓட்டும் வண்டி என்பதால் பிள்ளைகள் அதற்குப் பயப்படுவதும் இல்லை. மடியில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நிறுத்திய டிராக்டர் உருள ஆரம்பித்துவிட்டால் ஓடிப்போய் ஏறலாமா?

வேண்டாம். சத்தம் போட்டு முன்னால் இருப்பவர்களை விலக்குங்கள், வண்டியைப் போகவிடுங்கள். வண்டி போனால் தோட்டம் இன்னொன்று வாங்கும்.

ஓட்டும்போதே பிரேக் விட்டுவிட்டால் வேறு விஷயம். இன்ஜினை அணைக்காதீர்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரைக் குறைத்து, பின்னால் பிளேடு இருந்தால் தரையில் இறக்கி, மேட்டுக் கரைப் பக்கம் திருப்பி உரசி நிற்க விடுங்கள். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் நிமிர்ந்திருந்து இருக்கைப் பட்டையும் போட்டிருந்தால், குதிப்பதை விட உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. சட்டம் இல்லாத வண்டியிலோ, மடக்கி வைத்த நிலையிலோ பட்டை போடக்கூடாது.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். "இன்னைக்கு மட்டும் ஓட்டுப்பா" என்கிறார் மண்டோர். என்ன செய்வது?

மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணே, பிரேக் சரியானதும் ஏறுகிறேன். அதுவரைக்கும் வேற வேலை குடுங்க." வாயால் சொன்னதோடு விடாமல் ஸ்டோரிலோ பட்டறையிலோ உள்ள புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினாலும் பதிவுதான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று 26ஏ பிரிவு சொல்கிறது. முதலாளியின் பொதுக் கடமைகளை மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபியிடம் நேரடியாகப் புகார் கொடுக்கலாம், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வழியாகவும் போகலாம். அடிபட்டால், சின்னக் காயம் என்று மறைக்காமல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

மண்டோர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலிருந்து அழுத்தம் உங்களுக்கும் இருக்கிறது என்பது தெரியும். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக ஒரு மாற்று டிராக்டரைக் கேட்பது உங்கள் வேலை. பிரேக் இல்லாத வண்டியில் ஒருவரை ஏற்றுவது யாருடைய வேலையும் இல்லை.

வங்காளதேச, இந்தோனேசிய ஆட்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

வாயால் சொல்வதைக் குறைத்து, செய்து காட்டுங்கள். நிறுத்து என்பதற்கு ஒரே ஒரு கை சைகையை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். டிரெய்லரில் நிற்பவரோ, பின்னால் வழி காட்டுபவரோ, யார் காட்டினாலும் ஓட்டுநர் உடனே நிறுத்தணும். வழி காட்டும் ஆள் கண்ணாடியில் தெரியவில்லையென்றாலும் நிறுத்தணும். வண்டி முழுசாக நிற்கும் முன் டிரெய்லரிலிருந்து யாரும் குதிக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

தீபாவளி விடுமுறைக்கு ஒரு வாரம் வண்டி நிற்கப்போகிறது. என்ன செய்து வைக்கணும்?

கூரை உள்ள, காற்றோட்டமான கொட்டகை. உரமும் டீசல் பீப்பாய்களும் இருக்கும் ஸ்டோருக்குள் வேண்டாம். டீசலை நிரப்பி வைத்தால் தொட்டிக்குள் ஈரம் படிவது குறையும். பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையைக் கழற்றி வையுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் குறைவில்லை, ஒயரைக் கடித்து வைக்கும். அதனால் திரும்பி வந்த அன்று ஸ்டார்ட் செய்யும் முன் மூடியைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். பிரேக் மிதியை நாலைந்து முறை அழுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து மறுபடி இழுத்துப் பார்த்த பிறகு கட்டையை எடுக்கலாம்.